நஞ்சு என்ற சொல்லுக்குப் பதினோராம் வாக்கியம்

பெருமதிப்பிற்குரிய தமக்கையார் அவர்களின் சமுகத்திற்கு,

தங்கள் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். அங்கே தங்கள் வலது கண்ணைத் தவிர மற்ற எல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். தாங்கள், தங்கள் என்று ஆரம்பித்தது ஒரு மரியாதைக்காக. மூன்று வரிக்கு மேல் கை வரவில்லை அக்கா. ஐம்பத்தெட்டு வருஷமாக நீ, நீ என்றே கூப்பிட்ட வாய். இனி நீ என்றே எழுதுகிறேன், அதற்கும் சேர்த்துப் பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு வேண்டுகோள். உன் கண் இருக்கிற நிலையில் இதை யாராவது படித்துக் காட்டித்தான் ஆகவேண்டும். தயவுசெய்து உன் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் மட்டும் கொடுத்துவிடாதே. போன தடவை அந்த அம்மா உரக்கப் படித்ததில் என் மானம் போனது போதும். வாய் இறுக்கமான ஆளாகப் பார்த்துக் கொடு. இதை நீ ஒருத்திதான் கேட்கவேண்டும்.

என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். எப்படி நடந்தது என்பது தெரியாது. அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்ற நான் வீட்டில் சும்மா இருக்காமல் மளிகைக் கடைச் சீட்டில் உள்ள எழுத்துப் பிழையையும் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தேன். உன் தம்பி மனைவி என்னைப் பிடித்து வெளியே தள்ளாத குறைதான். அதனால்தான் இந்த இரண்டு வருஷமாக அகராதி அலுவலகத்தில் அட்டை எழுதப் போகிறேன். அங்கே ஒரு சொல்லுக்குப் பொருளும் நூல் மேற்கோளும் எழுதினால் மட்டும் போதாது. உயிரோடு இருக்கிற ஒருவர் நிஜமான ஒரு சந்தர்ப்பத்தில் வாயைத் திறந்து சொன்ன வாக்கியம் வேண்டும். அட்டையின் முன்பக்கம் வாக்கியம். பின்பக்கம் சொன்னவர், நாள், இடம், சந்தர்ப்பம். நாமாகக் கற்பனை செய்து எழுதக்கூடாது. அட்டை எழுதுகிறவர் தானே பேசியதையும் எழுதக்கூடாது, ஏனென்றால் எங்களை விட்டால் நாங்களே பேசி நாங்களே எழுதிக்கொண்டு வேலையை முடித்துவிடுவோம் என்று பதிப்பாசிரியருக்குத் தெரியும். பெட்டிக்குள் போன அட்டையை, அது பொய் என்று நிரூபித்தால் ஒழிய, வெளியே எடுக்கவும் முடியாது. இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

எனக்கு விழுந்த சொல் நஞ்சு. பொருள் எழுதுவது சுலபமாக இருந்தது: உடலில் கலந்தால் உயிருக்குக் கேடு செய்வது. பிறப்பு எழுதும்போது சண்டை வந்தது. நசுங்குவதோடும் நைவதோடும் இந்தச் சொல்லுக்கு உறவு உண்டு என்று எதிர் மேஜைக்காரர் ஒரு கட்சி, அதெல்லாம் வெறும் ஊகம் என்று பக்கத்து மேஜைக்காரர் ஒரு கட்சி. ஒரு வாரம் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு மூடினோம். இன்னொரு சொல்லின் முன்னால் போய் நின்றால் நச்சு ஆகிவிடும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை: நச்சுப்பாம்பு, நச்சுப்புகை. வழக்குக்கு வந்தபோதுதான் என் கழுத்தில் கத்தி விழுந்தது. ஊரில் ஒருத்தரும் நஞ்சு என்று வாயால் சொல்வதே இல்லை அக்கா. எல்லாருக்கும் விஷம்தான். விலைவாசி விஷம் மாதிரி ஏறுது என்கிறார்கள். விஷக்காய்ச்சல் என்கிறார்கள். தெரியாத வேலையில் கை வைத்தால், இதென்ன விஷப்பரீட்சை என்கிறார்கள். எழுதும்போது நஞ்சு, பேசும்போது விஷம். நான் பென்சிலும் அட்டையுமாக மருந்துக் கடையில் அரை நாள் நின்றேன். பிறகு பூச்சிமருந்துக் கடைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுக் காட்டி, "இது என்னங்க?" என்று கேட்டேன். பதினாலு டப்பாவுக்கும் கடைக்காரர் "விஷங்க" என்றார். "இதுக்கு வேற பேரு ஏதும் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அந்த மனிதர் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார்.

"சார், வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம் சார்."

நான் அகராதிக்காக வந்தேன் என்று சொன்னேன். "சரி சரி, அகராதிதான், நீங்க பதட்டப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வீட்டு நம்பரை வாங்கி உன் தம்பி மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். கடைக்காரர் என் கையைப் பிடித்து அவள் கையில் ஒப்படைத்தார். இன்றைக்கும் அந்தத் தெருவழியாக நான் போனால் அவர் கடையிலிருந்து இறங்கி வந்து, "இப்ப எப்படிங்க இருக்கீங்க?" என்று விசாரிக்கிறார். நான் இப்போது அடுத்த தெரு சுற்றிப் போகிறேன்.

பதிப்பாசிரியரிடம் போய்க் கைவிரித்தேன். "நஞ்சுன்னு யாரும் பேசலைன்னா 'அருகிய வழக்கு'ன்னு போட்டு ரெண்டே வரியில முடிச்சிருவேன். உங்க ஆறு மாச உழைப்பு அவ்வளவுதான். ஒரே ஒரு ஆள் வாயால சொன்ன ஒரே ஒரு நஞ்சு கொண்டு வாங்க" என்றார். அவரைக் கொஞ்சம் குளிர்விக்கலாம் என்றுதான் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அந்த வாரம் நீ கண்ணைக் காட்ட இங்கே வந்திருந்தாய். அவருக்கு ரெண்டாம் தடவை பரிமாறிக்கொண்டே நீ சிரித்த முகத்தோடு கேட்டாயே, "இவன் தமிழ்ல ரெண்டு தடவை ஃபெயில் ஆனவன், இவனை எப்படி சார் அகராதிக்கு எடுத்தீங்க?" என்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நீ வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ஆள், அதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஊசி போட்ட கை, வலி தெரியாமல்தான் இறங்கும். உண்மையைத்தானே சொன்னாய். ரெண்டு தடவையும் நீதான் என்னைத் திரும்பப் பரீட்சைக்குக் கட்டவைத்துக் கூடவே உட்கார்ந்து படிக்கவைத்தாய். அதை மட்டும் நீ அன்றைக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ ஊருக்குப் போய் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அந்த வாக்கியம் பிறந்தது. "அவங்க பேச்சு மெல்லக் கொல்லுற நஞ்சு மாதிரி, சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவோம், மூணு நாள் கழிச்சுத்தான் உள்ளே வேலை செய்யும்." யார் சொன்னது என்று கேட்காதே என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் மறைத்து என்ன ஆகப்போகிறது. உன் தம்பி மனைவிதான் சொன்னாள். என் மேல் இருக்கிற பாசத்தில், எனக்காக மனசு பொறுக்காமல் சொல்லிவிட்டாள். அவளை நீ தப்பாக நினைக்காதே. என் தப்பு அதற்கு அப்புறம்தான். நஞ்சு என்ற சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு அக்காவும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. ஆறு மாசம் தேடின பொருள் அடுப்பு மேடையிலேயே கிடைத்துவிட்டதே என்று அட்டையை எடுத்து எழுதிவிட்டேன். பின்பக்கத்தில் 'சொன்னவர்: மனைவி. சந்தர்ப்பம்: நாத்தனாரைப் பற்றி' என்று அழகாகக் குறித்தேன். பதிப்பாசிரியர் அட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

அகராதி முழுதாக அச்சேறுவதற்கு முன்னால் சந்தாக்காரர்களுக்கு ஒரு மாதிரிப் பக்கம் அனுப்புவது வழக்கம். இந்தத் தடவை நஞ்சு வந்த பக்கமே மாதிரி. முதல் பத்தும் பழைய நூல் மேற்கோள்கள், பதினோராம் வாக்கியமாக உன்னைப் பற்றியது. பக்கத்தின் அடியில், 'பேச்சு வழக்கு திரட்டப்பட்டது எம் அலுவலக அட்டை எழுத்தரின் இல்லத்தில்' என்று ஒரு நன்றிக் குறிப்பு வேறு. நான் அதை மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தேன் அக்கா. இதை நீ நம்பமாட்டாய், நானும் நம்பவில்லை. முதல் தடவை 'நஞ்சு மாதிரி'க்குப் பின்னால் அரைப்புள்ளி வைத்தேன். ரெண்டாம் தடவை ஒற்று விட்டுப் போயிருந்தது, சேர்த்தேன். மூன்றாம் தடவை எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன். மூன்று தடவையும் அது என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், பிழை கண்ணுக்குத் தெரியும், பொருள் தெரியாது. பிழையில்லாத பக்கம் என்ற பெருமையில் அதில் ஒன்றை உறையில் போட்டு நானே உனக்குத் தபாலில் சேர்த்தேன்.

தையல்காரம்மா போன் போட்டுச் சொன்னதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ உறையைப் பிரிக்காமலே அந்த அம்மாவின் தையல் கடைக்கு எடுத்துப் போனாயாம். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்திருந்த ஏழு பேரையும் உட்காரவைத்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, "என் தம்பி வேலை பாத்த பக்கம். சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்" என்றாயாம். அந்த அம்மா ஒன்றிலிருந்து படித்துக்கொண்டே வந்து பதினொன்றில் நின்றுவிட்டாளாம். கீழே இருந்த நன்றிக் குறிப்பையும் ஒரு பார்வை பார்த்தாளாம். உனக்கு ஒரே தம்பி, அந்தத் தம்பிக்கு நீ ஒரே அக்கா என்பது அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது. நீதான் சொன்னாயாம், "ஏன் நிறுத்திட்டே? பிழை ஒண்ணும் இல்லையே? அப்ப அடுத்ததைப் படி" என்று. கடைசி வரைக்கும் படிக்கவைத்துக் கேட்டு, பக்கத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறிப் போனாயாம். அதைக் கேட்டபோது நான் போனைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா, யாரும் பார்க்காத இடத்திலும் வெட்கமாக இருந்தது.

சும்மா இருக்கவில்லை, எல்லாம் செய்து பார்த்தேன். செய்த ஒவ்வொன்றும் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். பதிப்பாசிரியரிடம் அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். "இந்தப் பக்கத்துலேயே உயிரோட இருக்கிறது அது ஒண்ணுதான். அட்டை பொய்யா? இல்லையே. அப்புறம் எப்படி எடுக்க முடியும்?" என்றார். அனுப்பாமல் மீந்திருந்த நாற்பது பக்கங்களையாவது காப்பாற்றலாம் என்று, விஷத்துக்குக் கிடைத்த அந்த விலைவாசி வாக்கியத்தைச் சின்னத் துண்டுத் தாளில் அச்சடித்துப் பதினொன்றின் மேல் என் கையாலேயே ஒட்டினேன். தாளை ஒட்டினால் யார் சும்மா இருப்பார்கள். கிடைத்தவர்கள் எல்லாரும் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள். சுரண்டத் தெரியாத ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, 'எங்கள் வீட்டிலும் இதே ரகத்தில் ஒருவர் உண்டு, தங்கள் இல்லத்தாரின் நாவன்மைக்கு என் பாராட்டுகள்' என்று அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். இப்படி இதுவரை பதினேழு கடிதம். எல்லாம் உன் தம்பி மனைவிக்குப் பாராட்டு. நேற்று அலுவலகத்து எதிரில் டீ போடுகிறவர் தன் மாமியாரைப் பற்றி அதே வாக்கியத்தை, அரைப்புள்ளி இடத்தில் சரியாக நிறுத்தி, யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் நம்பருக்கு ஒன்பது தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளுக்கு மட்டும் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசுகிறாய். சொன்னவள் மேல் கோபப்படாத உன் பெருந்தன்மையை நினைத்து நான் வியக்கிறேன். அட்டை எழுதினவன் மேல் மட்டும் இவ்வளவு கோபமா என்று கொஞ்சம் வருத்தமும்தான்.

வருகிற வியாழக்கிழமை உனக்கு ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்தால் ஒரு மாசத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விடவேண்டும், குனியக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது. இங்கே வந்து தங்குவதாகத்தான் பேச்சு. உனக்காக முன் அறையிலிருந்து என் அட்டைப் பெட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கட்டிலை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படாதபடி திருப்பிப் போட்டு வைத்திருக்கிறோம். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று போட்டிருக்கிறாயாம், நிஜம்தானா என்று கேட்டார்கள். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் கண்ணை நீயே ஆறு தடவை திறந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் தாங்க முடியவில்லை.

நஞ்சு என்ற சொல்லுக்கு நாலாவதாக இன்னொரு பொருள் இருக்கிறது. நஞ்சுக்கொடி, குழந்தையைத் தாயோடு சேர்க்கிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் நாம், அந்த நாலாம் பொருளை நினைத்துப் பதினோராம் வாக்கியத்தை மறந்துவிடு என்று உருக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீ எத்தனை பிரசவம் பார்த்தவள். "புள்ள பொறந்ததும் அதை அறுத்துத் தூக்கிப் போட்டுருவோம்டா" என்று சொல்வாய். அதனால் அதை எழுதவில்லை. வேறு எதுவும் எனக்கு எழுதத் தெரியவில்லை. வந்துவிடு அக்கா. அவள் வாய் தவறிச் சொன்னதையும் நான் கை தவறி எழுதியதையும் மனசில் வைக்காதே. அவள் சார்பில் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தையல்காரம்மாவுக்கும் அளவு கொடுக்க வந்திருந்த ஏழு பேருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவேண்டாம். உன் கண் நல்லபடியாகி, முதலில் என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை திட்டும் பாக்கியத்தை வேண்டி நிற்கும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உறையும் பசையும் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் உன் தம்பி மனைவி ஊருக்குப் போகிற சேலையில், பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எட்டுத் தாளும் வரிசையாக அவள் மடியில். முழுக்கப் படித்துவிட்டாள். "தபால்ல போட்டா வியாழக்கிழமைக்குள்ள போகாது. நான் ரெண்டு மணி பஸ்ல போய் அண்ணியைக் கூட்டிட்டு வர்றேன். இதை நானே படிச்சுக் காட்டிடுறேன், வாய் இறுக்கமான ஆளுதானே கேட்டிருக்கீங்க" என்றாள். கிழித்துப் போடுகிறேன், கொடு என்றேன். கொடுக்கவில்லை. கடைசித் தாளை மட்டும் என் முன்னால் வைத்தாள்.

"கீழ கொஞ்சம் இடம் இருக்குங்க."

அக்கா, பாத்திரம் கழுவியது அவள். பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த வாக்கியத்தைச் சொன்னது நான். தான் பேசியதை அட்டையில் எழுதக்கூடாது என்பதால் பின்பக்கத்தில் மனைவி என்று போட்டேன். அன்றைக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவங்க உங்களைப் படிக்க வெச்சவங்க, அப்படிப் பேசாதீங்க." அதை நான் எழுதிக்கொள்ளவில்லை, அதில் நஞ்சு இல்லை. பதினேழு பாராட்டுக் கடிதத்தையும் இந்த ஒரு மாசமாக அவள் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி அலமாரியில் வைத்தாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று இப்போது கேட்டேன். "அண்ணி முதல் ஞாயித்துக்கிழமையே சொல்லிட்டாங்க, அது அவன் பேச்சு, நீ அழாதேன்னு. நீங்க எப்பச் சொல்லப்போறீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

அட்டை பொய். ஆகவே விதிப்படி வாக்கியம் அகராதியில் வராது. திங்கட்கிழமை காலை பதிப்பாசிரியரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் எனக்கு அங்கே வேலை இருக்காது, அதனால் ஆறு தடவையும் சொட்டு மருந்து நானே விடுகிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒரு வரி விடாமல் படிப்பேன் என்கிறாள், இந்தக் கடைசித் தாளை முதலில் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் சொன்னாள் என்று நான் எழுதியிருக்கிற இடம் நாலாம் தாளில் வரும். அதை அவள் தன் வாயாலேயே உனக்குப் படித்துக் காட்டவேண்டும். உனக்கு அவள் முகம் சரியாகத் தெரியாது. அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு.